மாமியின் காவல்

போர் நடந்த நாட்களில் புதுக்குடியிருப்பில் நாங்கள் ஜெனரேற்றர் போட்டுத்தான் வீடியோவில் நாடகம் பார்த்தோம். அதன் இரைச்சலில் விமானச் சத்தம் கேட்காது என்பதால், ஒருவர் ஒழுங்கை முனையில் போய்க் காவல் இருக்க வேண்டும். நாடகம் என்றாலே எரிச்சல்படும் மாமிதான் எப்போதும் போனார். கிபிர் போன்ற குண்டுவீச்சு விமான வகைகளைப் பற்றி ஆண்கள் நாங்கள் மணிக்கணக்கில் வாதிட்டோம். சத்தத்தை வைத்துச் சரியாகச் சொன்னவர் மாமி மட்டும்தான்.

அன்று, நாடகத்தில் கொலைகாரன் யாரென்று சொல்லத் துப்பறிபவர் வாயைத் திறந்த நேரம், "கிபிர் வருது, ஓடுங்கோ!" என்று மாமி கத்தினார். எல்லோரும் பங்கருக்குள் இறங்கினோம். குண்டுகள் சற்றுத் தள்ளி விழுந்தன. நாடகத்தில் வந்த தோட்டக்காரன்தான் கொன்றவன் என்று நான் அடித்துச் சொன்னேன்.

"நாடகத்தில எத்தினை பேர் செத்தது?" என்று மாமி கேட்டார்.

"ஒராள்தான், மாமி."

"ஒராளுக்கோ இவ்வளவு விசாரணை?"