சைலன்சர் ஓட்டையும் கலியமூர்த்தியின் நாற்றங்காலும்

போன வாரம் மதகு மேட்டில் இடித்து என் காரின் சைலன்சர் ஓட்டையானது. அன்றிலிருந்து நான் சாவியைத் திருப்பினாலே, சோழர் படை வருகிறதென்று நன்னிலம் தாலுகாவே கதவைச் சாத்தியது.

நாளை பையனுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். "இந்தச் சத்தத்தோட போயி இறங்கினா பொண்ணு கொல்லைப்பக்கமா ஓடிடும்ங்க" என்றாள் மனைவி.

புது சைலன்சர் விலைக்கு ஒரு தேரே செய்துவிடலாம். அதனால் இன்று டிராக்டர் பட்டறையில் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்துக்கொண்டேன். கார் பூனை மாதிரி வீடு திரும்பியது.

வழியில் பக்கத்து வயல் கலியமூர்த்தி மறித்தார்.

"யாரக் கேட்டுண்ணே ஓட்டைய அடைச்சீங்க?"

"யோவ், அது என் காருய்யா!"

"நாத்தங்கால் என்னுதுண்ணே! உங்க சத்தத்துக்குப் பயந்துதான் ஒரு வாரமா மயிலு இறங்கல. இனிமே வெதநெல்லு பூரா அதுக்குத்தான். நாத்து வர்ற வரைக்குமாவது ஓட்டையோட ஓட்டுங்கண்ணே!"

ஓட்டை இருந்தால் மருமகள் இல்லை. ஓட்டை இல்லாவிட்டால் கலியமூர்த்திக்கு நாற்று இல்லை. தலை சுற்றுகிறது. இதை எழுதும்போதே என் கார் கூரையில் ஒரு மயில் ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கிறது.

நாளை பெண் பார்த்துவிட்டு வந்ததும், "தம்பி, அந்த ஓட்டையைத் திரும்பப் போட்டுக் கொடு" என்று பட்டறையில் எந்த முகத்தோடு கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.