துப்பாக்கியில் ஒட்டிய காந்தம்

போர்க்காலக் கொழும்பின் வெள்ளவத்தையில் ஸ்பீக்கர் திருத்தும் நமசிவாயத்துக்கு, கொட்டாஞ்சேனையில் வாங்கும் பழைய காந்த வளையங்களைச் சோதனைச் சாவடிதோறும் அவிழ்த்துக் காட்டியே வாழ்க்கை வெறுத்துப்போயிற்று. ஒருமுறை காந்தம் ஏறினால் ஆயுளுக்கும் இறங்காத சாமான். இதில் வெடிக்க என்ன இருக்கிறது?

அன்றும் சாவடியில் இரண்டு சிப்பாய்கள் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்.

“வெறும் காந்தம் மாத்தையா, பாருங்கோவன்!” என்று எரிச்சலோடு ஒன்றை நீட்டினார். அது கையைவிட்டுப் பாய்ந்து சிப்பாயின் துப்பாக்கியில் ஒட்டிக்கொண்டது.

சிப்பாய் இழுத்தான். வரவில்லை. மற்றச் சிப்பாயும் இழுத்தான்.

“இழுத்தா வராது. பக்கவாட்டில தள்ளோணும். நான் எடுத்துத் தாறன்.”

அவர் கை துப்பாக்கியை நெருங்கியதும் இருவரும் சிங்களத்தில் அலறினார்கள்.

அதிகாரி வரும்வரை நமசிவாயம் இரு கைகளையும் தூக்கியபடி வெயிலில் நின்றார். அவர் கண்ணெதிரே அவர்கள் மாறிமாறி இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.