சங்குக்குள் குடியிருந்தவர்

இராமேஸ்வரத்துக்குப் போகிறவர்கள் பாவத்தைத் தொலைத்துவிட்டு வருவார்கள். நான் அங்கிருந்து புதிதாக ஒரு பாவத்தைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது எங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, எனக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. ரிங் பிரேம் பகுதியில் அறுந்த நூலை முடிந்துவிடுவதுதான் தொழில். படிப்பு எட்டாவது. ஆனால் பக்தி விஷயத்தில் நான் எம்.ஏ. படித்தவன் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. காலையில் திருமண் இடாமல் பஸ் ஏறமாட்டேன். முட்டை பொரித்த சட்டியில் சுட்ட வடை என்று தெரிந்தால் அந்த டீக்கடைப் பக்கமே போகமாட்டேன். கருவாடு விற்கும் இடத்தைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போவேன். இதையெல்லாம் கேட்டவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ண நானும் என் மனைவியும் இராமேஸ்வரம் போனோம். எல்லாம் முடிந்தபிறகு தனுஷ்கோடிக்கு வேனில் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் கடலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். நான் குனிந்து சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

காரணம் இருந்தது. மில்லில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் தன் வீட்டுத் துளசி மாடத்துக்கு டைல்ஸ் பதித்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எங்கள் வீட்டுச் சிமென்ட் மாடத்தைச் சுற்றும்போதெல்லாம் எனக்குத் துளசியம்மன் மேல் கவனமே நிற்கவில்லை. பெருமாள் கையில் இருப்பது சங்கு. அந்தச் சங்கையே சுற்றிலும் பதித்துவிட்டால் டைல்ஸ் எந்த மூலைக்கு? இப்படி ஒரு கணக்கு. மஞ்சள் பை நிறையப் பொறுக்கினேன். அதில் ஒன்று மட்டும் பெரிய எலுமிச்சம்பழம் அளவில், வளைவு வளைவாக, பார்க்க அத்தனை லட்சணமாக இருந்தது. அதன் வாயைக் கருநீலமாக ஏதோ அடைத்திருந்தது. கடல் பாசி என்று நினைத்தேன். அதைப் பையில் போட மனசு வரவில்லை. துண்டில் தனியாக முடிந்துகொண்டேன். பூஜை பலகைக்கு என்று.

ஊர் திரும்பிய மறுநாள் எனக்கு வார லீவு. காலையிலேயே சிமென்ட் குழைத்து மாடத்தைச் சுற்றிச் சங்குகளைப் பதித்தேன். வாய்க்குள் குளவி கூடு கட்டும் என்று ஒவ்வொன்றின் வாயிலும் சிமென்டைத் திணித்தேன். காய்ந்தபிறகு பார்த்தால் வெளிறிப்போய் இருந்தது. கேட்டுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை, சிவப்பு எனாமல் பெயின்ட் இருந்தது. அதை எடுத்து அடித்தேன். முன்பக்கம் பளபளவென்று வந்தது. பின்பக்கம் சுவரோரமாக யார் கண்ணிலும் படாது என்று விட்டுவிட்டேன். என் பக்தி எப்போதும் தெருவைப் பார்த்தபடிதான் இருந்திருக்கிறது.

துண்டில் முடிந்திருந்த சங்குக்குத் தனி மரியாதை. வெள்ளையும் சிவப்புமாக அதே எனாமலில் நாமம் போட்டேன். பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்து ஒரு துளசி இலையைச் சாத்தினேன்.

அடுத்த நாள் விடிந்ததும் குளித்துவிட்டுப் பூஜைக்கு வந்தால் சங்கு வைத்த இடத்தில் இல்லை. விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு விரல்கடை நகர்ந்தது. துளசி இலையும் கூடவே நகர்ந்தது.

அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

“ஏட்டி! ஓடி வா! சங்கு நடக்குது! பெருமாளே வந்துட்டாரு!”

அடுப்பில் இட்லியை வைத்திருந்தவள் மாவுக் கையோடு ஓடிவந்தாள். குனிந்து நிதானமாகப் பார்த்தாள்.

“பெருமாளுக்கு எத்தன காலு?” என்றாள்.

“என்ன கேள்வி இது? ரெண்டு.”

“இதுக்கு அம்புட்டு காலு இருக்கு. நண்டுங்க இது. எந்திரிங்க, வேட்டியெல்லாம் எண்ணெய்.”

நான் போட்ட சத்தத்தில் அதற்குள் தெருவே வந்துவிட்டது. நண்டு என்று தெரிந்தபிறகும் நான் விடவில்லை. சங்கைச் சுமக்கிற நண்டு என்றால் பெருமாளுக்குக் கைங்கர்யம் பண்ணுகிற நண்டுதானே என்று விளக்கம் சொன்னேன். இரண்டு மூன்று பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மில்லிலும் போய்ச் சொன்னேன். டைல்ஸ்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

கூட்டம் கலைந்தபிறகு என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

“மாமாவுக்குத் தர்ப்பணம் பண்ணப் போன எடத்துல இருந்து உசுரோட ஒண்ணத் தூக்கிட்டு வந்திருக்கிய. இது இந்த வீட்டுல செத்துப்போச்சுன்னா அந்தப் பாவத்தைக் கழுவ எங்க போவிய?”

தை அமாவாசைக்கு மறுபடியும் போவோம், அப்போது எடுத்த இடத்திலேயே விட்டுவிடுகிறேன் என்றேன். “அது வரைக்கும் உசுரோட வச்சிருங்க. இது ஒங்க பொறுப்பு” என்று சொல்லிவிட்டு இட்லியை இறக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஒரு பழைய சிமென்ட் தொட்டியில் ஆற்று மணல் போட்டு அதைக் குடிவைத்தேன். தேங்காய்ச் சில், வாழைப்பழம், வெண்பொங்கல் எல்லாம் சாப்பிட்டது. குடிக்கப் பச்சைக் கற்பூரமும் துளசியும் போட்ட தீர்த்தம் வைத்தேன். சாதாரணத் தண்ணீர் வைத்தால் மரியாதையாக இருக்காது என்று தோன்றியது.

புரட்டாசி பிறந்தபோது அதன் நடை தளர்ந்துவிட்டது. பாதி உடம்பு வெளியே தொங்க, சங்கை இழுத்து இழுத்துப் போனது. தேங்காயைத் தொடவில்லை. ஒரு சனிக்கிழமை, பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், சங்கு ஒரு பக்கம் கிடக்கிறது, அது ஒரு பக்கம் கிடக்கிறது.

முன்பக்கம்தான் ஓடும் கொடுக்கும். பின்பக்கம் பிறந்த குழந்தையின் சுண்டுவிரல் மாதிரி, தோல்கூடச் சரியாக இல்லாமல் சுருண்டு கிடந்தது. குளிக்கிற ஒருவரைத் தெரியாமல் பார்த்துவிட்டதுபோல நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதைத்தான் இத்தனை நாளாக ஊரைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில், மகளுக்குப் பால் புகட்டிய பித்தளைப் பாலாடையை எடுத்துவந்து வைத்தேன். மகள் பள்ளிக்கூடம் போகிற வயசாகிவிட்டது, பாலாடை சும்மாதான் கிடந்தது. நண்டு மீசையால் தொட்டுப் பார்த்துவிட்டு விலகியது. மில்லிலிருந்து கொண்டுவந்த அட்டைக் கோனை வைத்தேன். நூல் சுற்றுகிற கோன், ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் கூர்மை, சங்கு மாதிரியேதான் இருக்கும். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மாடத்துல எம்புட்டுச் சங்கு ஒட்டி வச்சிருக்கிய, அதுல ஒண்ணக் குடுத்தா என்ன?” என்றாள் என் மனைவி.

உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துளசி மாடத்தில் உளி வைக்கிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தட்டிய முதல் சங்கு நொறுங்கியது. இரண்டாவதும் நொறுங்கியது. மூன்றாவது முழுசாக வந்தது, வாய்க்குள் சிமென்ட். நான்காவதில் நல்லவேளையாகச் சிமென்ட் சரியாக இறங்கவில்லை, ஆனால் உள்ளே வரைக்கும் பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது. அதைக் கொண்டுபோய் வைத்தேன். நண்டு விளிம்பில் கொடுக்கை வைத்தது, உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டது. ஒரு பை சங்கை மாடத்தில் பதித்து வைத்துக்கொண்டு ஒரு நண்டுக்குக் கொடுக்க ஒன்று இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

வேறு வழியில்லை. நண்டையும் அதன் சங்கையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்க் கருவாடு விற்கும் அம்மாவிடம் நின்றேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வியாபாரம் பண்ணுகிறவர். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போவதைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறார் என்பது அவர் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது.

“வாங்க சாமி! வழி தவறி வந்துட்டியளா? மூச்ச விடுங்க, ஒண்ணும் ஆவாது.”

விஷயத்தைச் சொல்லி, டப்பாவைத் திறந்து காட்டினேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

“அட, சங்கு நண்டுல்லா! வளர வளர வீடு மாத்தும் அது. கரையில கெடக்க காலிச் சங்க எடுத்துக்கிடும். பொறந்தது மொதக்கொண்டு அதுக்குச் சொந்தமா ஒரு வீடு கெடையாது பாத்துக்கிடுங்க.” நாமம் போட்ட சங்கை எடுத்து மோந்து பார்த்தார். “இது என்னது? பெயிண்டா? ஒங்கள ஒரு பெயிண்ட் டப்பாக்குள்ள குடியிருன்னா இருப்பியளா?”

“நாமந்தாம்மா போட்டேன்…”

“அது கேட்டுச்சா நாமம்? நெசமான சங்கு வேணும் அதுக்கு. பித்தளையும் ஆவாது, அட்டையும் ஆவாது. குடிக்க என்ன குடுத்திய?”

“தீர்த்தம்.”

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். “உப்புத்தண்ணியும் வைங்க சாமி. கல்லுப்பு கரைச்சு ஒரு கிண்ணம், நல்ல தண்ணி ஒரு கிண்ணம். கற்பூரம் கிற்பூரம் போட்றாதிய.”

சங்கு எங்கே கிடைக்கும் என்றேன். கருவாட்டு லோடு கொண்டுவருகிறவர்களிடம் சொல்லி அனுப்பலாம், ஒரு வாரம் ஆகும், அதுவரைக்கும் இது தாங்காது என்றார். பிறகு அவரே, “ஒங்க கம்மாயிலயே கெடக்குமே, நத்தக்கூடு. அது நெசமான கூடுதான். பெரிய நத்தையாப் பாத்து எடுங்க” என்றார்.

நத்தையா என்று நான் முகத்தைச் சுளித்தேன் போலிருக்கிறது.

“நீங்களா சாமி அதுக்குள்ள குடியிருக்கப் போறிய?” என்றார்.

நல்ல வெயிலில் கண்மாய்க்குப் போனேன். மழைக்கு முந்தின மாசம், தண்ணீர் வற்றித் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புகளுக்குள் நத்தைக் கூடுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. வேட்டியை மடித்துக்கட்டி, நெற்றியில் நாமத்தோடு, காலிக் கூடாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கரைமேல் சைக்கிள் மணி அடித்தது. என்னோடு அதே ஷிப்டில் வேலை பார்க்கும் ஆள்.

“என்னண்ணே, நத்தையா பொறுக்குதிய?”

“ஒண்ணுமில்லப்பா. நீ போ.”

“முட்ட வாட பட்ட வடையத் தொடமாட்டிய. நத்தைக்கு எறங்கிட்டியன்னா…” சைக்கிளை விட்டு இறங்கினான். பிறகு குரலைத் தாழ்த்தி, “மூலமாண்ணே? வெளிய சொல்ல மாட்டேன். நத்தக்கறி அதுக்கு நல்லதுதான்” என்றான்.

நண்டுக்கு வீடு தேடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவைத்தேன். மறுநாள் ரிங் பிரேம் பகுதியில் அத்தனை பேரும் எனக்கு மூலம் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். டைல்ஸ்காரர் தனியாகக் கூப்பிட்டுக் கருணைக்கிழங்கு சாப்பிடச் சொன்னார். அவர் அத்தனை அக்கறையாகச் சொன்னது எனக்கு அவருடைய டைல்ஸ் மாடத்தைவிட உறுத்தியது.

நத்தைக் கூடுகளை அடுப்படிக்குள் கொண்டுவரக் கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். பொறுக்கிவந்த அன்று சாயங்காலமே கொல்லையில் வெந்நீர் அடுப்பில், ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொதிக்க வைத்துக் கழுவினேன். நல்லதாக மூன்றைத் தேர்ந்தெடுத்துத் தொட்டியில் வைத்தேன். உப்புத்தண்ணீர் ஒரு கிண்ணம், நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம். இரண்டு பேரும் குத்தவைத்து உட்கார்ந்தோம்.

நெடுநேரம் அது அசையவில்லை. உயிர் போய்விட்டதோ என்று நினைத்தேன். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. என் உதடு நாராயணா நாராயணா என்று தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை தெருவுக்குக் கேட்காமல்.

பிறகு ஒரு கால் நகர்ந்தது. உப்புத்தண்ணீரில் போய்க் கொஞ்சம் கிடந்தது. முதல் கூட்டைத் தொட்டது, விட்டது. இரண்டாவதைத் தொட்டது, விட்டது. மூன்றாவது ஓரம் உடைந்தது, நான் சரியாகத் தேய்க்காததால் மண் ஒட்டியிருந்தது, எண்ணிக்கைக்காக வைத்தது. அதைக் கொடுக்கால் உருட்டியது. உள்ளே விட்டு அளந்தது, அங்கங்கே தட்டியது. என்ன நடந்தது என்று நாங்கள் பார்ப்பதற்குள் ஒரே வீச்சில் பின்பக்கத்தை அதற்குள் நுழைத்துக்கொண்டது. கொஞ்சம் கழித்துக் கண் இரண்டும் வெளியே வந்தன.

“கோவிந்தா” என்றாள் என் மனைவி. அடுத்த நிமிஷமே, “அந்தப் பெயிண்ட் டப்பாவ எங்க வச்சிருக்கிய?” என்றாள்.

“ஏன்?”

“எடுத்துக் குடுங்க. ஒங்க கையில இருக்கக் கூடாது.”

அதற்கப்புறம் அது நன்றாகச் சாப்பிட்டது. நான் தை மாசம் வரைக்கும் லீவு நாளெல்லாம் துளசி மாடத்தின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெயின்ட் படாத சங்குகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, வாய்க்குள் இறுகியிருந்த சிமென்டை ஒன்றுக்கு அரை நாள் என்று ஆணியால் சுரண்டினேன். பெரும்பாலும் உடைந்தன. முழுசாகத் தேறியது ஏழு. யார் கண்ணிலும் படாது என்று நான் சோம்பேறித்தனமாக விட்ட பக்கம்தான் கடைசியில் உதவியது.

தை அமாவாசைக்கு, மூடியில் ஓட்டை போட்ட எவர்சில்வர் டப்பாவில் அதை வைத்து, இராமேஸ்வரம் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ணும்போதும் டப்பா பக்கத்தில் இருந்தது. தனுஷ்கோடியில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, ஏழு சங்கையும் மணலில் பரப்பிவிட்டு, நடுவில் அதை விட்டேன்.

ஏழில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தது. அது மாறிக்கொள்ளும் என்று நினைத்தேன். மாறவில்லை. எங்கள் ஊர்க் கண்மாய் நத்தைக் கூட்டைச் சுமந்துகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், கரையோரச் செடிகளைப் பார்த்து விறுவிறுவென்று போய்விட்டது. பார்க்கப் பார்க்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டை எடுத்துத் துடைக்கப் போனேன்.

என் மனைவி அந்தத் துண்டை வெடுக்கென்று பிடுங்கினாள். இரண்டு முனையையும் விரித்து, நன்றாக ஒரு தடவை உதறிப் பார்த்தாள்.

“மடியையும் அவுத்துக் காட்டுங்க” என்றாள். “பொறவு வேனுல ஏறலாம்.”