கட்டாத வீட்டின் கண் உயரம்

பாலவாக்கத்தில், தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறுகிற மணலில், மூன்று மாடி கட்டினேன். இந்த மண்ணில் நிற்காது என்று படித்த எஞ்சினியர்கள் இரண்டு பேர் சொல்லிவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் நிற்கிறது. ஆழ்வார்பேட்டையில் லாரி நுழையாத சந்துக்குள் கம்பியையும் ஜல்லியையும் மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எட்டு வீடுகள் எழுப்பினேன். மயிலாப்பூரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நான்கு அண்ணன் தம்பிகளை ஒரே மேசையில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கி, அவர்களுடைய பழைய வீட்டை இடித்து நால்வருக்கும் தனித்தனி வாசல் வைத்துக் கொடுத்தேன். தி. நகரில் முழங்கால் தண்ணீர் நிற்கிற ஐப்பசி மாதத்தில் அஸ்திவாரம் போட்டேன். வேறு எவனும் அந்த வேலையைத் தொடவில்லை.

நான் பட்டினப்பாக்கத்துப் பையன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. மண் சுமந்தேன், கொத்தனாருக்குக் கை கொடுத்தேன், கொத்தனாரானேன், மேஸ்திரியானேன், பிறகு என் பெயரிலேயே பலகை மாட்டினேன். யாரும் தூக்கிவிடவில்லை.

இந்த வரிசையில் இன்னொன்றும் உண்டு. அதைச் சொன்னால் மட்டும் எல்லாரும் சிரிக்கிறார்கள். தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, கட்டாத வீட்டுக்குள் நடந்து பார்க்கிற ஏற்பாடு. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு எழுதப்படவில்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

மெட்ராஸ் என்ற பெயர் சென்னை என்று மாறிய சமயம் அது. அடையாற்றில் பன்னிரண்டு வீடுகளுக்கு இடம் தயார். ஆனால் புக்கிங் நகரவில்லை. வருகிறவர்களிடம் பிளான் தாளை விரிப்பேன். நீலக் கோடுகளைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். வாசல் எது, ஜன்னல் எது என்று ஒருவருக்கும் பிடிபடாது. "கட்டி முடிங்கோ, பார்த்துட்டுச் சொல்றோம்" என்று கிளம்பிவிடுவார்கள்.

என் ஆழ்வார்பேட்டை வீடுகளில் ஒன்றில் ஒரு பேராசிரியை குடியிருந்தார். அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. குளியலறைச் சுவரில் ஈரம் கசிகிறது என்று கூப்பிட்டு அனுப்பினார். சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, நீங்கள் எதை ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மனுஷனோட கண்ணு தூரத்தையும் அளவையும் எப்படிக் கண்டுபிடிக்குதுன்னு பார்க்கறோம் சார். அது தெரிஞ்சாத்தான் கம்ப்யூட்டருக்குப் பார்க்கச் சொல்லிக் குடுக்க முடியும். அது மட்டுமில்ல, இல்லாத இடத்தை இருக்குன்னு கண்ணை நம்ப வைக்கவும் அதே அறிவுதான் வேணும்."

"எங்க பொழப்பே அதான் மேடம்" என்றேன். "இல்லாத வீட்ட இருக்குதுன்னு நம்ப வெக்கிறது."

சிரித்தார். சிரித்து முடித்ததும், உங்களிடம் பிளான் இருக்கிறதா என்று கேட்டார். அவர்களுக்கு ஹெல்மெட்டை மாட்டிப் பார்க்க ஆட்கள் வேண்டும், எனக்கு வீட்டைக் காட்ட வழி வேண்டும். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஆராய்ச்சிக்கூடத்தில் அது குளிர்ப்பதன அறை. கோயில் மாதிரி செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த ஹெல்மெட், பிரஷர் குக்கரைத் தலையில் கவிழ்த்த மாதிரி கனக்கும். கண்ணுக்கு நேரே இரண்டு சின்னத் திரைகள். தலையைத் திருப்பினால் படமும் திரும்பும். கையில் ஒரு பொத்தான். அழுத்தினால் நடக்கிற மாதிரி காட்சி நகரும். உண்மையில் கால் அதே இடத்தில்தான் நிற்கும். ஹெல்மெட் போட்டவர் பார்ப்பது பக்கத்திலிருக்கிற டிவிப் பெட்டியிலும் தெரியும்.

அங்கே புரோகிராம் எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். முப்பது வயது இருக்கும், கெட்டிக்காரர். என் பிளானை அப்படியே கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். முதல் தடவை பார்த்தபோது வெறும் சுவர்களாக இருந்தது. "இத்தக் காட்னா ஒருத்தனுக்கும் ஒண்ணும் புரியாது. ஒரு பீரோ, ஒரு கட்டில், அடுப்படில கேஸ் அடுப்பு, மேல ஃபேன், எல்லாத்தையும் வையி" என்றேன். பேராசிரியையும் அதையேதான் சொன்னார்: அளவு தெரிந்த பொருளைப் பக்கத்தில் வைத்துத்தான் தெரியாத இடத்தைக் கண் அளக்கிறதாம். எனக்கு அது தொழிலில் தெரியும், அவருக்கு அது படிப்பில் தெரியும். அதற்காக நான் பெயர் எதுவும் கேட்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, நல்ல உயரம். மாமி அவர் தோளுக்குக்கூட வரமாட்டார். மாமிக்கு முதலில் மாட்டினோம்.

"ஏன்னா, ஹால் இத்தனூண்டா இருக்கே. இதுல கொலு எங்க வைக்கறது?"

அவர் வாங்கி மாட்டிக்கொண்டு நாலாபக்கமும் திரும்பிப் பார்த்தார். "நன்னாத்தானேடி இருக்கு?"

"நன்னா இருக்கா? பீரோவே பொம்மை பீரோ மாதிரின்னா இருக்கு."

அடுத்து வந்தவர் தோல் வியாபாரம் செய்கிற பாய், அவரும் நெட்டை. மாட்டிப் பார்த்துத் தலையாட்டினார். குட்டையான அவருடைய மனைவி மாட்டிப் பார்த்துவிட்டு அவர் காதில் ஏதோ சொன்னார். பாய் என்னைத் தனியாக ஒதுக்கிக்கொண்டு போனார். "முதலாளி, தப்பா நெனக்காதீங்க. அளவுல கை வெச்சிட்டீங்களா?"

அது எனக்குச் சுட்டது. சிமெண்ட்டில் கலப்படம் செய்தவன், அனுமதியில்லாமல் மாடி ஏற்றி விற்றவன் எல்லாம் என்னைச் சுற்றி உண்டு. என் வீட்டில் டேப்பைப் பிடித்தால் சொன்ன அளவு இருக்கும். அது ஒன்றுதான் என் விளம்பரம். அந்த இயந்திரம் அதிலேயே கை வைத்துவிட்டது.

புரோகிராம்காரரிடம் போனேன்.

"உங்க பிளான்தான் சார். ஒரு இன்ச்கூட மாத்தல" என்றார். திரையில் எண்களைக் காட்டினார். சரியாகத்தான் இருந்தன. பிறகு குரலைத் தாழ்த்தி, "வேணும்னா ஹாலை ரெண்டடி நீட்டி விட்டுடறேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"கட்டி முடிச்சப்புறம் அந்த ரெண்டடிய உன் வீட்லருந்து எடுத்தாந்து குடுப்பியா நைனா?"

அவர் ஹாலை அப்படியே விட்டார்.

அடுத்த வாரம் என் வீட்டுக்காரியை அழைத்துக்கொண்டு போனேன். வாடிக்கையாளர் பொய் சொல்லலாம். அவள் சொல்லமாட்டாள். நான் கட்டிய எந்த வீட்டிலும் குறை கண்டுபிடிக்காமல் அவள் வெளியே வந்ததில்லை. அவளும் மாமி உயரம்தான்.

ஹெல்மெட் மாட்டியதும் வாசல் தெரிந்தது போலிருக்கிறது. நின்ற இடத்திலேயே வலது காலை எடுத்து முன்னால் வைத்தாள். புரோகிராம்காரருக்குச் சிரிப்பு. எனக்குச் சந்தோஷம், வீடென்று நம்பிவிட்டாள். ஹாலைப் பார்த்தாள். "சின்னதாத்தான் கீது" என்றாள். பொத்தானை அழுத்திச் சமையலறைப் பக்கம் நகர்ந்தாள்.

புரோகிராம்காரர் டிவிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். வாங்குவார்களா மாட்டார்களா என்று அப்படித்தான் இத்தனை வருடம் கண்டுபிடித்தேன். சமையலறை நடைக்கு மேலே சாமான் போட ஒரு லாஃப்ட் உண்டு. அதன் கீழே வந்திருக்க வேண்டிய சமயம் என் மனைவி கழுத்தை மடக்கிக் குனிந்தாள். பிறகு நிமிர்ந்தாள். அவள் குனிந்தது படத்தில் வராது, தலை இடம் வலமாகத் திரும்புவது மட்டும்தான் படத்துக்குத் தெரியும். அதனால் அந்த அறையில் அதைப் பார்த்தது நான் ஒருவன்தான்.

"இன்னாத்துக்குக் குனிஞ்ச?"

"லாஃப்ட்ல இடிச்சிக்கவா?"

"நம்ம வூட்ல எத்தினி லாஃப்ட் கீது. என்னிக்காவது குனிஞ்சிகீறியா?"

"நம்ம வூட்ல ஸ்டூல் போட்டு ஏறுனாத்தான் எனக்கு எட்டும். இங்க தலைல வந்து முட்டுது. இன்னா வீடு கட்டிகீறீங்க?"

நான் அப்படியே நின்றேன். வங்கி அதிகாரிக்கு ஹால் சரியாக இருந்தது. மாமிக்குச் சின்னதாக இருந்தது. பாய் எதுவும் குறை காணவில்லை, அவர் மனைவிக்குத்தான் குறை. இவள் லாஃப்டுக்குக் குனிகிறாள். புரோகிராம்காரரிடம் கேட்டேன், "இவ இப்ப எவ்ளோ ஒசரத்துல நிக்கிறா? உள்ள பாக்குற கண்ணு யாரோட கண்ணு?"

அவர் எதையெதையோ திறந்து பார்த்தார். அந்த உயரம் புரோகிராமோடு வெளிநாட்டிலிருந்தே வந்த அளவு. ஆறடி ஆளுடைய கண். யாரும் அதைத் தொடவில்லை.

என் இடுப்பில் எப்போதும் டேப் இருக்கும். தரையிலிருந்து அவள் கண்ணுக்கு அளந்தேன். அங்கிருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, அவள் சொன்னாள்: "பொண்ணு பாக்க வந்தப்பகூட இந்தாளு இப்டி அளக்கல."

பேராசிரியையைக் கூப்பிட்டோம். நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு விளக்கினார். அது அவருடைய அறிவு, என்னுடையது இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"நம்ம கண்ணு தரையிலேருந்து எவ்வளவு உயரத்துல இருக்குன்னு உடம்புக்குப் பழக்கம் சார். அதையே ஸ்கேலா வெச்சு மத்தது எல்லாத்தையும் அளக்கறோம். ஆறடி ஆளோட கண்ணை உங்க வீட்ல போட்டுட்டோம். ஆனா உங்க வீட்டம்மா உடம்பு, இது என் கண்ணுதான்னு நினைக்குது. அப்போ எல்லாமே சின்னதாத்தான் தெரியும். நாங்க இதுவரைக்கும் மாட்டிப் பார்த்தது எல்லாம் ஹாஸ்டல் பசங்களை. எல்லாரும் உயரம். ஒருத்தனும் குறை சொல்லல."

சுவரெல்லாம் சுற்றி மட்டக்கோடு அடிக்கிற கொத்தனாருக்கு இது புரியாதா? கோடு ஒரு சாண் ஏறினால் ஜன்னல், கதவு, எல்லாமே தப்பாகும். இங்கே ஏறிப்போனது கண் மட்டம். அவ்வளவுதான்.

பக்கத்து அறையில் சக்கரம் வைத்த ஒரு தள்ளுவண்டியில் கேமரா பொருத்தியிருந்தார்கள். தூண் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதுவே கண்டுபிடிக்க வேண்டும். பேராசிரியை என்னை அங்கே அழைத்துப்போனார். தூண் தரையைத் தொடுகிற இடத்தைப் பார்த்துத்தான் கேமரா தூரத்தைக் கணக்குப் போடுகிறது, கேமரா தரையிலிருந்து எத்தனை உயரம் என்று தப்பாகச் சொன்னால் தூரத்தையும் தப்பாகத்தான் சொல்லும் என்றார். "உங்க வீட்டம்மா குனிஞ்சதும் இதுவும் ஒரே கணக்குதான் சார்."

அந்த வார்த்தையை அவர் வாயால் சொன்னார். நான் மறக்கவில்லை.

மறுநாளே வாடிக்கையாளரைக் கூப்பிடலாம் என்று நான் துடித்தேன். பேராசிரியை விடவில்லை. ஒரு தடவை குனிந்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாதாம். குட்டை, நெட்டை, ஆண், பெண் என்று பலரை வரவழைத்து, அவர்களிடம் சொல்லாமலே கண் உயரத்தை ஏற்றியும் இறக்கியும் வாரக்கணக்கில் சோதித்தார். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் முறையாகச் செய்தார். பாதி ஆட்களை நான்தான் வேனில் ஏற்றி அனுப்பினேன்.

பிறகு மாமி மறுபடி வந்தார். அறைக் கதவு நிலையில் நான் பென்சிலால் அடி, அங்குலக் கோடு போட்டு வைத்திருந்தேன். அங்கே நிற்க வைத்துக் கண் உயரம் அளந்து, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகுதான் ஹெல்மெட்.

"இப்போ சரியா இருக்கு. கொலு ஒம்போது படி தாராளமா வைக்கலாம்."

"நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார் கணவர்.

"உங்க ஒசரத்துக்கு எல்லாம் நன்னாத்தான் இருக்கும். அங்க நின்னு சமைக்கப் போறது நான்."

அன்றைக்கே புக் செய்தார்கள். பாயும் வந்தார். அவருடைய மனைவி பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பன்னிரண்டும் போயிற்று. வீடு முடிந்து கிரகப்பிரவேசத்தன்று மாமி சமையலறை நடையில் நின்று லாஃப்டை அண்ணாந்து பார்த்தார். "அங்க பார்த்தபடியேதான் இருக்கு" என்றார். எனக்கு அது போதும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

சில மாதம் கழித்து, வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை வந்திருக்கிறது என்று பேராசிரியை ஒரு பிரதி கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வரும், அர்த்தம் வராது. என் மகள் படித்துச் சொன்னாள். மேலே பேராசிரியை பெயர், புரோகிராம்காரர் பெயர். உயரம் குறைந்தவர்களிடம் தெரிந்த ஒரு நடவடிக்கையை ஆராய்ச்சிக் குழு கவனித்தது என்று ஒரு வரி. கடைசியில், சோதனைக்கு ஆட்களை ஏற்பாடு செய்த உள்ளூர் கட்டடத் தொழிலதிபருக்கு நன்றி என்று ஒரு வரி. பெயர்கூட இல்லை.

போய்க் கேட்டேன். "ஆள் புடிச்சிக் குடுத்தவனா மேடம் நானு?"

அவர் சங்கடப்பட்டார். "நீங்க பார்த்தது உண்மைதான் சார். ஆனா ஏன்னு கண்டுபிடிச்சுச் சோதிச்சு நிரூபிச்சாத்தான் அங்க பேர் போடுவாங்க. அது வழக்கம்."

"நீங்க நிரூபிச்சீங்க, உங்க பேரு இருக்கட்டும். பார்த்தது குழு இல்ல. குழு அன்னிக்கி பொட்டியப் பாத்துனு இருந்துச்சு."

அடுத்த கட்டுரையில் பார்க்கலாம் என்றார். அடுத்தது எதுவும் என் கைக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பேரப் போடலன்னு கத்துறீங்களே, குனிஞ்சது யாரு?"

அவள் சொன்னதும் நியாயம்தான்.

இப்போது பெரிய பெரிய கம்பெனிகள் கண்ணாடி மாட்டி வீடு காட்டுகிறார்கள். என் பேரன் அப்படி ஓர் இடத்துக்கு அழைத்துப்போனான். மாட்டுவதற்கு முன்னால் அங்கே இருந்த பெண் கேட்டது, "சார், உங்க ஹைட் என்ன?" ஏன் கேட்கிறாய் என்றேன். "தெரியல சார், கேட்கணும்னு சொல்லியிருக்காங்க" என்றது.

ஏன் என்று எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அடையாற்றில், அந்த அறையில், அதை முதலில் பார்த்தவன் நான். அந்தக் கட்டுரையை இனி யார் எங்கே அச்சடித்தாலும், குழு கவனித்தது என்கிற வரியை எடுத்துவிட்டு இப்படிப் போட வேண்டும்: குனிந்தது கட்டடக்காரருடைய மனைவி, அதைப் பார்த்தது கட்டடக்காரர். இரண்டு பேருடைய பெயரையும் முழுதாகப் போட வேண்டும். அவள் பெயர் முதலில் வரட்டும். என் பெயர் இல்லாமல் மட்டும் வரக் கூடாது.