ஒரே மூளை, இரண்டு படங்கள்

ராஜபாளையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தபோதுதான் முதன்முதலில் அது வந்தது. மறுமுனையில் ஆள் பேசுவது காதில் விழுந்தது. பதிலும் மனதில் இருந்தது. வாய்க்கு வரவில்லை. செத்த நேரத்தில் சரியாகிவிட்டது. எண்பதுகளின் நடுவில் அது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரையில் பார்த்த மருத்துவர் வலிப்பு (மூளையின் மின்னோட்டம் திடீரென நிலைதவறுவது) என்றார். கைகால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று அதுவரை நம்பியிருந்தேன். பல வருடம் மாத்திரைக்குக் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு நானும் கணவரும் பஸ் ஏறினோம். அங்கே எங்களைப் பார்த்தவர் நாகர்கோவில்கார டாக்டரம்மா. இடது காதுக்கு மேலே, மூளையில் ஒரு தழும்பு இருப்பதாகவும், வலிப்பு அங்கிருந்துதான் கிளம்புவதாகவும், அதை வெட்டி எடுக்கலாம் என்றும் சொன்னார். பேச்சுக்கான இடம் அதன் பக்கத்திலேயே இருந்தால், பேச்சும் போய்விடக்கூடும். பேசித்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

பேச்சுக்கான இடம் எந்தப் பக்கம் என்று பார்க்கச் செயல்பாட்டு ஸ்கேன் (வேலை செய்யும் மூளைப் பகுதியில் ரத்த ஓட்டம் கூடுவதைக் காட்டும் படம்) எடுத்தார்கள். குழாய்க்குள் படுத்து, அந்தத் தடதடச் சத்தத்தில், 'க'வில் தொடங்கும் சொற்களை மனதுக்குள் சொல்ல வேண்டும்.

படத்தில் வலது பக்கம்தான் ஒளிர்ந்தது. இடது பக்கம் தாராளமாக வெட்டலாம் என்று என் கணவர் செல்லத்துரைக்கு ஒரே சந்தோஷம்.

"ஒரு படத்தை வச்சு நான் கத்தி எடுக்க மாட்டேன். இன்னொரு தடவை வாங்க" என்றார் டாக்டரம்மா.

அடுத்த முறை இடது பக்கம் ஒளிர்ந்தது.

செல்லத்துரைக்குக் கோபம் வந்துவிட்டது. "போன தடவ வலதுன்னிய. இப்ப இடதுங்கிய. எதைத்தான் நம்ப, டாக்டரம்மா? மிஷினு பொய் சொல்லுதா?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. வேறு இரண்டு படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டினார். இரண்டிலும் ஒளிர்ந்த இடங்கள் கொஞ்சம் விலகியிருந்தன.

"இது யாரு மூளை?" என்றார் என் கணவர்.

"என்னோடது. உங்க வீட்டம்மாவுக்கு எடுத்த மாதிரியே நானும் ரெண்டு தடவை உள்ள போய்ப் படுத்தேன். எனக்கு நோய் ஒண்ணும் இல்ல. ஆனாலும் மாறுது பாருங்க. தூக்கம், மாத்திரை, தலை லேசா அசையறது, எல்லாம் படத்துல தெரியும்." பிறகு என்னைப் பார்த்து, "முதல் தடவை உள்ள தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டார்.

வந்தது. அந்த வாரம்தான் மாத்திரையைக் கூட்டியிருந்தார்கள்.

செல்லத்துரை உட்கார்ந்துவிட்டார். "எங்களுக்காவ நீங்க போயி அதுக்குள்ள படுத்தியளா?" என்று மட்டும் கேட்டார்.

இன்னும் சில முறை எடுத்தார்கள். படங்கள் ஒன்றுபோல இல்லை. ஆனால் நான் நன்றாக விழித்திருந்த எல்லாவற்றிலும், இடது பக்கம் ஒரு சிறு இடம் மட்டும் நகரவே இல்லை. மூளையின் ஒரு பாதியை ஊசியால் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும் சோதனையும் அதையே சொன்னது. இடது பாதி மரத்தபோது என்னால் பேச முடியவில்லை. அந்த இடத்தை விட்டு, முதலில் நினைத்ததைவிடக் குறைவாகவே வெட்டினார்கள்.

கண் விழித்ததும் டாக்டரம்மா பேனாவைக் காட்டி, "இது என்ன?" என்றார். வெகுநேரம் கழித்து, "பேனா" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

இதே நோயோடு இதை வாசிப்பவர்களிடம் ஒன்று சொல்வேன். மறுபடி எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் சோர்ந்துபோகாதீர்கள். எனக்கு முழுதும் குணமாகவில்லை. எப்போதாவது வருகிறது, மாத்திரையும் தொடர்கிறது. ஆனால் ஒரு கெட்ட நாளை வைத்து என் உடம்பை நான் தீர்மானிப்பதில்லை. நல்ல நாளை வைத்தும் இல்லை.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில் ஒரு காயின் பெயர் வரவில்லை. விரலை நீட்டியபடி நின்றேன். "எம்புட்டும்மா வேணும்?" என்று கடைக்காரர் அவசரப்படுத்தினார். முன்பென்றால் செல்லத்துரையே பெயரைச் சொல்லி வாங்கிவிடுவார். இப்போது பையைத் தரையில் வைத்தார்.

"இருங்கண்ணே, அவ சொல்லுவா" என்றார்.

நின்றோம். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள்.

"புடலங்காய்" என்றேன்.