அந்த இழுப்பை விழுங்கியது பாட்டுக்காரரா, என் காதா?

ஓடைப்பட்டிப் பாட்டுக்காரர் எனக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கிறார். வீடு தேடிப் போய்க் கேட்டேன். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதனால்தான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும்.

நான் தேவாரம் ஊர்க்காரன். மலையில் ஏலக்காய் வாங்கிக் கீழே விற்பவன். மழை விட்ட பிறகு ஒரு மதியம் மலையிறங்கி வந்தேன். நல்ல வெயில். ஆனால் எனக்குப் பல் கிட்டியது. வீடு சேர்ந்து மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. பிறகு சூடு, பிறகு வேர்வை. மறுநாள் ஒன்றும் இல்லை. அடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்தது. முறைக்காய்ச்சல் (ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் குளிர்காய்ச்சல்) என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டாக்டர் இடது விலாவுக்குக் கீழே அமுக்கினார். மண்ணீரல் (இரத்தத்தைச் சுத்தம் செய்யும் உறுப்பு) வீங்கியிருந்தது.

கொயினா கொடுத்தார்கள். வேப்பங்காயைவிடக் கசப்பு. காய்ச்சல் அடங்கியது. ஆனால் காதுக்குள் வண்டு புகுந்ததுபோல் ஓயாத இரைச்சல்.

"கொயினா சாப்பிட்டா அப்படித்தான் இரையும். போகப் போகச் சரியாயிரும், நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர். நான் நிறுத்தவில்லை. அப்போது.

இனி பாட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பாட்டை அவரே கட்டி, அவரே ஆர்மோனியம் வாசித்துப் பாடுவார். எனக்கு ராகம் தெரியாது. முழுப் பாட்டும் எனக்கு வேண்டாம். சில இடங்கள் போதும். உழவுப் பாட்டில் இரண்டு அடிக்கு நடுவே மாட்டை ஓட்டுவதுபோல் நாக்கைச் சொடுக்குவார், அந்த இடம். மாமியாரைத் திட்டும் பாட்டில், வரப்போகும் வசவை நினைத்து அவருக்கே சிரிப்பு முட்டும். அதை மூக்கால் அடக்குவார், அந்த இடம். எல்லாவற்றுக்கும் மேலே சாரல் பாட்டு. "சாரலே, எங்க ஊருக்கும் வந்து போ" என்று முடிக்கும்போது ஆர்மோனியத்தை நிறுத்திவிடுவார். "போ" மட்டும் தனியாக மேலே போகும். நூல்போல மெலிந்து, இன்னும் மேலே போகும். அந்த ஒரு இழுப்புக்காக நான் கோம்பைவரை நடந்திருக்கிறேன்.

காய்ச்சல் அடங்கியதும் சந்தைத் திடலில் அவர் பாட்டு. என் மனைவியும் மச்சினனும் கூட வந்தார்கள். சொடுக்குக் கேட்டது. மூக்குச் சிரிப்புக் கேட்டது. சாரல் பாட்டில் ஆர்மோனியம் நின்றது. அவர் வாயைத் திறந்திருந்தார், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் தலையாட்டியது.

வீட்டுக்கு வந்து, அந்த இழுப்பைப் பாடினாரா என்று கேட்டேன்.

"என்ன மச்சான், காதுக்குள்ள ஏலக்கா மொளச்சிருச்சா?" என்றான் மச்சினன். "எப்பயும் போலத்தான பாடுனாக."

"அவன் கெடக்கான். அங்கன உக்காந்து வெத்தலையில்ல மென்னுக்கிட்டிருந்தான்" என்றாள் மனைவி. "அவுக அந்த எடத்தப் பாடவே இல்ல. கொரலு தேஞ்சுபோச்சு அவுகளுக்கு. நீங்க கஞ்சியக் குடிங்க."

கஞ்சியைக் குடிக்கச் சொன்ன அவசரத்தில், என்னைத் தேற்றப் பொய் சொல்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மச்சினனையும் நம்ப முடியவில்லை. பழகிய பாட்டில், பாடாத இடமும் கேட்டதுபோலத்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் தன் கைக்கடிகாரத்தை என் காதருகே வைத்தார். வலது காதில் டிக்டிக். இடது காதில் இரைச்சல் மட்டும். "மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகும். பெரும்பாலும் திரும்பி வரும். சிலருக்கு வராது. பாட்டுக்காரர் பாடினாரா இல்லையான்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றார்.

அன்றே கொயினாவை நிறுத்தினேன். காதைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு. குளிர் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. என் பெயரே எனக்கு மறந்துபோன ஒரு மதியமும் அதில் உண்டு. மறுபடி கொயினா, மறுபடி இரைச்சல். உங்களில் யாருக்காவது காது இரைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எழுந்து நடமாடத் தொடங்கியபோது, பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி தன் மகளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த கொயினாத் தூளை வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தாள். மகள் வீட்டுக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

"ஏன் ஆத்தா கொட்டுற?"

"காதத் தின்னுருமாம்ல. நீங்களே செவிடாயிட்டீகளே!"

"நான் எங்கன செவிடு? நீ பேசுறது கேக்குதுல்ல?"

"பாட்டுக் கேக்கலன்னு ஊரெல்லாம் சொன்னது நீங்கதான? கொட்டுனா எம்மேல கோவிக்கிறீக!"

மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வைத்தேன். ஆனால் இன்னும் எத்தனை வீட்டில் கொட்டுகிறார்களோ. அன்றுதான் ஓடைப்பட்டிக்குப் போனேன். "அய்யா, அந்த எடத்துல மேல போனீகளா, இல்லையா?" என்று கேட்டேன். "கேக்குறவுக காதுலதானப்பா இருக்கு பாட்டு" என்று சிரித்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது எனக்குக் காய்ச்சல் இல்லை. உடம்புக்கு அது தெரியவில்லை. எனக்கு வாரம் கிடையாது. குளிர் நாள், சும்மா நாள் என்று இரண்டே நாள். மதியம் சாய்ந்தால் கை போர்வையைத் தேடுகிறது. காதையும் நம்புவதில்லை. அணில் வாலைத் தூக்கினால், கத்துகிறதா, வாலை மட்டும் தூக்குகிறதா என்று நின்று பார்க்கிறேன். முன்பெல்லாம் சத்தம் தானாக வந்தது. இப்போது ஒவ்வொன்றையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

பாட்டுக்காரரே, குரல் தேய்வது குற்றம் இல்லை. தேய்ந்தது தெரிந்தால் கச்சேரிக்குக் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதால் இங்கே மருந்து வாய்க்காலில் போகிறது. நீங்கள் பாடவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள், கொயினாமேல் உள்ள பழி தீரும். பாடினீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். நானே மேடையேறி உங்கள் பக்கத்தில் நின்று, என் காது போனது உண்மை, உயிரோடு இருப்பதும் உண்மை, மருந்தைச் சாப்பிடுங்கள் என்று சொல்கிறேன். வீட்டு வாசலில் சிரிப்பது பதில் ஆகாது. வரும் சந்தையில், கூட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: பாடினீர்களா, இல்லையா?