மூன்று நாள் கணக்கு

எங்கள் வீட்டில் எனக்கு எப்போது தூரம் என்பது பக்கத்து வீட்டுக்கும் தெரியும். சின்ன காஞ்சிபுரத்தில் தறி வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டியே இருக்கின்றன. மாதத்தில் அந்த மூன்று நாளும் நான் தறியில் உட்காரக்கூடாது. என் தறிச் சத்தம் நின்றதும் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னாம்மா, இந்த மாசமும் வந்துடுச்சா?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு வருஷமாகப் பிள்ளைக்குக் காத்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது?

போன வைகாசியில் கோயில் திருவிழாவும் என் தேதியும் ஒரே வாரத்தில் வந்தன. பெருமாள் எங்கள் தெருவுக்கு வரும்போது நான்தான் தட்டு எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. "தள்ளிப் போற மாத்திரை போட்டுக்கோம்மா. எல்லாருந்தான் போட்டுக்கினு இருக்காங்க" என்றார். மெடிக்கல் கடையில் கேட்டேன், கொடுத்தார்கள். ஒருவேளை உண்டாகியிருந்தால் என்று கடைக்காரரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. நாலு வருஷமாக இல்லாதது இந்த மாதம்தான் நடக்கப் போகிறதா?

தட்டு எடுத்தேன், சாமி பார்த்தேன், மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் ஆகியும் வரவில்லை. "மாத்திரை சூடு, அதான் இழுத்துக்கினு போவுது" என்றார் மாமியார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

எட்டாம் நாள் காலையில் துணியில் பழுப்பாக ஒரு கறை. அப்பாடா என்று தறியை விட்டு எழுந்தேன். முதல் நாள் இரண்டு சொட்டு, மறுநாள் ஒரு சொட்டு, அடுத்த நாள் அதுவும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கணக்குக்கு ஒரு சொட்டும் ஒன்றுதான், ஒரு குடமும் ஒன்றுதான். கறை பட்டால் மூன்று நாள், நாலாம் நாள் தலைக்குக் குளியல், திரும்பத் தறி. நானும் குளித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் மத்தியானம் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. எழுந்தால் நல்ல சிவப்பாக ரத்தம். வலிக்கு மாத்திரை வாங்கி வரச்சொல்லி என் வீட்டுக்காரரை அனுப்பினேன். மனுஷன் கர்ப்பம் பார்க்கிற அட்டையோடு வந்து நின்றார்.

"கடையில புதுசா ஒரு பொண்ணு இருக்குது. இதுக்கு முன்னாடி நாள் தள்ளிப் போச்சான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். வலி மாத்திரை அப்புறம், மொதல்ல இதப் பாருங்கன்னு குடுத்துச்சு."

"ரத்தம் போய்க்கினு இருக்குது, இப்பப் போய் கர்ப்பம் பாக்கணுமா? மூளை இருக்குதா உனக்கு?" என்று கத்தினேன்.

திட்டிக்கொண்டேதான் போய்ப் பார்த்தேன். இரண்டு கோடு வந்தது. நாலு வருஷம் எந்தக் கோட்டுக்காக ஏங்கினேனோ, அது தெரிந்தபோது ரத்தமும் போய்க்கொண்டிருந்தது. குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷப்படுவதா, ஒப்பாரி வைப்பதா? அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் என் வயதை ஒத்த பெண் டாக்டர். கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டார். "நாலு நாள் முன்னாடிதான் மேடம்" என்றேன்.

"எத்தனை நாப்கின் மாத்துனீங்க?"

"மாத்தல. ஒண்ணுகூட நனையல."

"எப்பவும் அப்படித்தான் வருமா?"

எனக்கு எப்போதும் முதல் இரண்டு நாளும் கொட்டித் தீர்க்கும். எங்கள் வீட்டில் எத்தனை நாள் என்று கேட்பார்கள், எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. திருவிழாவுக்காக மாத்திரை போட்டதையும் அப்போதுதான் சொன்னேன்.

"அது பீரியட்ஸ் இல்லம்மா. கர்ப்பத்துலயே வந்த கசிவு. மாத்திரைய நிறுத்தி சில நாள்ல வரலன்னாலே டெஸ்ட் பண்ணியிருக்கணும். லேசா ரத்தம் வந்துட்டா கர்ப்பம் இல்லன்னு அர்த்தமில்ல" என்றார். மாத்திரையால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். தெரியாமல் சில நாள் சாப்பிட்டதற்குப் பயப்பட வேண்டாம், இனிமேல் டெஸ்ட் பண்ணாமல் தொடக்கூடாது என்றார்.

ஸ்கேனில் கரு கர்ப்பப்பையில்தான் இருந்தது. குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து, அது இல்லை என்பதே பெரிய விஷயம் என்றார். ஆனால் இதயத் துடிப்பு இன்னும் தெரியவில்லை. "சின்னதா இருக்குறதால தெரியாம இருக்கலாம். கரு நிக்காமலும் போகலாம். பொய் சொல்ல மாட்டேன். பத்து நாள் கழிச்சு வாங்க. மணிக்கு ஒரு நாப்கின் நனைஞ்சாலோ, வலி அதிகமானாலோ, தலை சுத்துனாலோ, தோள்பட்டை வலிச்சாலோ அந்த நிமிஷமே வந்துடணும்" என்றார். மறுபடியும் கசிவு வந்தால் அது என் தப்பு இல்லை என்றும் சொன்னார்.

அந்தப் பத்து நாளில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. கசிவு ஐந்தாம் நாள் நின்றது. ஒரு சாயங்காலம் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த மாத்திரைய நான்தானே வாங்கச் சொன்னேன்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர்மேல் வைத்திருந்த கோபத்தை எல்லாம் அன்றைக்குக் கொட்டலாம் என்று இருந்தேன். அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டேன். "வாங்கிப் போட்டுக்கினது நான்தானே அத்தே. ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, விடுங்க" என்றேன். அவரைத் தேற்றப் போய் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

பத்தாம் நாள் மறுபடி படுத்தேன். டாக்டர் ஸ்கேன் கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். பிறகு அவர் திரையை என் பக்கம் திருப்பினார். அரிசி அளவுக்கு ஏதோ ஒன்று. அதன் நடுவில் ஒரு புள்ளி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

நான் அழவில்லை. சண்டைக்குத்தான் போனேன். "நல்லா பாத்தீங்களா மேடம்? இன்னொரு வாட்டி பாருங்க."

பார்த்தார். "இருக்குதும்மா" என்றார்.

"இன்னும் ஒரே ஒரு வாட்டி."

அவர் சிரித்துவிட்டார். "எத்தனை வாட்டி பாத்தாலும் துடிச்சிக்கினுதாம்மா இருக்கும்."